பதினோராவது பேர்

தம்பி: ...பத்தாவது பேர் சொல்லுங்கக்கா.

அக்கா: இரு. ஒன்பதாவது சரியான்னே இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

தம்பி: மணி நாலாகப் போகுது. அஞ்சுக்கு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க பேர் பதியற பக்கத்தை மூடிடுவாங்க. அதுக்குள்ள பதினோரு பேரோட பேரும் போகணும்.

அக்கா: போகலன்னா?

தம்பி: நாளைக்குக் காலைல ஒருத்தருக்கும் வரைபடம் திறக்காது. கட்டட வரைபடம் போடுற ஆபீஸ்ல வரைபடம் திறக்கலன்னா, எல்லாரும் மேசையைத் துடைச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

அக்கா: என் மேசைக்கு அது நல்லதுதான்.

தம்பி: சிரிக்காதீங்கக்கா.

அக்கா: சிரிக்கல. அழத் தெம்பில்ல, அதான் வாய் இப்படிப் போகுது. ...நேத்து வரைக்கும் ஓடினது நாளைக்கு ஏன் ஓடாது? இன்னொரு தரம் சொல்லு.

தம்பி: எத்தனை தரம்...

அக்கா: சொல்லு. காலைல அஞ்சு பேரைக் கூப்பிட்டுப் பேசினேன். எனக்குப் பாதிதான் புரிஞ்சிருந்தது. அதுல பாதியை அவங்களுக்குச் சொன்னேன்.

தம்பி: நம்மகிட்ட இருந்தது பகிர்வு லைசென்ஸ். மொத்தம் பதினொண்ணு. யார் வேணா திறக்கலாம், ஒரே நேரத்துல பதினோரு பேருக்கு மேல கூடாது, அவ்வளவுதான். ஒருத்தர் சாப்பிட எழுந்தா இன்னொருத்தர் திறப்பார். பதினேழு பேரும் அப்படித்தானே ஓட்டினோம்?

அக்கா: படிக்கட்டு வரையற அண்ணன் பாத்ரூம் போனாக்கூட ரெண்டு பேர் காத்துக்கிட்டிருப்பாங்க.

தம்பி: இப்ப அதை எடுத்துட்டாங்க. இனிமே ஒரு லைசென்ஸுக்கு ஒரு ஆள். பேரையும் மெயில் முகவரியையும் சேர்த்துப் பூட்டிடுவாங்க. அந்த ஆள் லீவு போட்டாலும் வேற யாரும் தொட முடியாது. ஒருதரம் கொடுத்த பேரை முப்பது நாளைக்கு மாத்தவும் முடியாது.

அக்கா: கல்யாணம் மாதிரி.

தம்பி: கல்யாணத்துல முப்பது நாள் கழிச்சு மாத்த விடமாட்டாங்களேக்கா.

அக்கா: ம்... முதலாளி கடைசியா என்ன சொன்னார்?

தம்பி: அதேதான். பதினொண்ணுக்கு மேல ஒண்ணுகூட வாங்க முடியாதாம். மீதி ஆறு பேருக்கு 'வேற ஏற்பாடு' பார்க்கலாமாம்.

அக்கா: அந்த ஏற்பாடு எந்த வாசல் வழியாப் போகும்னு எல்லாருக்கும் தெரியும்.

தம்பி: ...காலைல அஞ்சு பேரும் என்ன சொன்னாங்க?

அக்கா: நாலு பேர் சரின்னு எழுந்து போயிட்டாங்க. ஜன்னலோர மேசைக்காரி மட்டும் கேட்டா... 'அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?'னு. நீ ஒரு தப்பும் பண்ணலம்மான்னேன். 'அப்ப யார் பண்ணாங்க?'ன்னா.

தம்பி: நீங்க என்ன சொன்னீங்க?

அக்கா: சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

தம்பி: ...ஆமா. வேற என்ன சொல்ல.

அக்கா: முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க? நீ ஒத்தை ஆளா இந்த ஆபீஸ்ல எத்தனை சாஃப்ட்வேரைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற?

தம்பி: முப்பத்தெட்டு.

அக்கா: எண்ணி வச்சிருக்கியா!

தம்பி: எண்ணாம? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி விதிமுறை. இந்த வரைபட சாஃப்ட்வேர் முதல்ல எப்படி வந்தது, ஞாபகம் இருக்கா? பெட்டியில ஒரு சிடி, கூட ஒரு குட்டிச் சாவி. கம்ப்யூட்டர் பின்னாடி குத்தினா வேலை செய்யும். ஒருதரம் வாங்கினா நம்மளோடது.

அக்கா: அந்தச் சாவி காணாமப் போய் குப்பைக்கூடையைக் கவுத்துத் தேடினோமே.

தம்பி: அந்தத் தேடலே தேவலாம். அப்புறம் வருஷச் சந்தான்னாங்க. அப்புறம் கம்ப்யூட்டர் எத்தனைன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கம்ப்யூட்டருக்குள்ள மூளை, அதான் ப்ராசசர், எத்தனைன்னு கேட்டாங்க. இப்ப ஆள் எத்தனைங்கிறாங்க. 'உங்கள் வசதிக்காக'ன்னு தலைப்புப் போட்டு ஒரு மெயில் வந்தாலே நான் முதல்ல ஒரு டீ சொல்லிடுவேன்.

அக்கா: அதையெல்லாம் உக்காந்து படிப்பியா?

தம்பி: படிக்க ஆரம்பிப்பேன். ஒரு தடவை 'முக்கிய மாற்றம் ஏதுமில்லை'ன்னு ஒரு மெயில் வந்தது. அதுக்குக் கீழ நாப்பத்தோரு பக்கம்.

அக்கா: மாற்றமில்லாததுக்கு நாப்பத்தோரு பக்கமா?

தம்பி: பத்தொன்பதாம் பக்கத்துல ஒரு மாற்றம் இருந்தது.

அக்கா: அடப்பாவி... சரி. பத்தாவது. கைக்குழந்தைக்காரியைப் போடு.

தம்பி: போடலாம். ஆனா அவங்க வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது. நடுவுல நடுவுல ஃபைல் ரூமுக்குப் போயிடுறாங்க...

அக்கா: குழந்தைக்குப் பாலெடுக்கப் போறா. இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தைச் சாப்பாட்டு நேரத்துல ஈடு கட்டுறா, பார்த்திருக்கியா? ஒரு கையில கரண்டி, ஒரு கையில மவுஸ்.

தம்பி: நான் குறையாச் சொல்லலக்கா. மேல கேட்டா நாம பதில் சொல்லணுமே...

அக்கா: கேட்டா என்கிட்ட அனுப்பு. போடு.

தம்பி: ...போட்டாச்சு. பத்து. இன்னும் ஒண்ணு.

அக்கா: கொஞ்சம் நில்லு. அந்த சாஃப்ட்வேர் கம்பெனி உதவி எண்ணுக்கு இன்னொரு தரம் போன் பண்ணு.

தம்பி: எதுக்கு? வேண்டாங்க்கா.

அக்கா: ஒரு மாசம் தவணை கேட்போம். கேட்டா குடியா முழுகிடும்?

தம்பி: மத்தியானமே கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க.

அக்கா: நீ கேட்டிருப்ப, மென்னு முழுங்கி. நான் கேக்கறேன். போடு, ஸ்பீக்கர்ல போடு.

தம்பி: ...அடிக்குது.

குரல்: உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்.

அக்கா: இவ்வளவு முக்கியம்னா எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே.

தம்பி: அது மெஷின்க்கா.

அக்கா: மெஷினுக்கும் காது இருக்கட்டும்.

குரல்: வணக்கம், சொல்லுங்க. லைசென்ஸ் பிரிவு.

அக்கா: வணக்கம்பா. நான் இங்க வரைபடப் பிரிவுக்குத் தலைமை. எங்க பகிர்வு லைசென்ஸ் இன்னியோட முடியுது. பதினேழு பேர் இருக்காங்க. ஒரே ஒரு மாசம் நீட்டிக் கொடுங்க, நாங்க அதுக்குள்ள...

குரல்: மேடம், அந்தத் திட்டத்தையே நிறுத்தியாச்சு.

அக்கா: யாருக்குமே கிடையாதா?

குரல்: ஒரு நிமிஷம், உங்க கணக்கைத் திறக்கறேன்... ஆங். மேடம், பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன வருஷமே இது சம்பந்தமா...

தம்பி: ஹலோ? ஹலோ?... கட் ஆயிடுச்சுக்கா.

அக்கா: ஓ.

தம்பி: சிக்னல் சரியில்ல.

அக்கா: ம்.

தம்பி: மறுபடி போடட்டுமா?

அக்கா: வேண்டாம்... விடு. மணி என்ன?

தம்பி: நாலு இருபத்தஞ்சு.

அக்கா: பதினோராவது குடைக்காரர்.

தம்பி: குடைக்காரரா?

அக்கா: ஏன், வெயில்லயும் குடை எடுத்துட்டு வந்தா லைசென்ஸ் தரக்கூடாதா?

தம்பி: அவர் ஒரு தளம் போடுறதுக்குள்ள மத்தவங்க மூணு தளம் போட்டுடுவாங்கக்கா.

அக்கா: அந்த மூணு தளத்துல கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு பார்க்கிறது யாரு? அந்த ஆஸ்பத்திரி வரைபடத்துல, ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லன்னு சொன்னது யாரு? நான் கையெழுத்துப் போட்டு அனுப்பத் தயாரா இருந்தேன். அவர்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினார்.

தம்பி: நல்ல மனுஷன்தான். ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க வேற.

அக்கா: அப்புறமென்ன. போடு.

தம்பி: ...போட்டாச்சு. பதினொண்ணு. ஒருதரம் வாசிச்சுப் பார்த்துடறேன். படிக்கட்டு அண்ணன், ரெட்டைத்திரைக்காரர், சின்னவர், பெரியவர்... அஞ்சு, ஆறு, ஏழு... கைக்குழந்தைக்காரங்க... குடைக்காரர். அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: உங்க பேர் எங்க?

அக்கா: அனுப்பு.

தம்பி: அக்கா, உங்க பேர் இதுல இல்ல.

அக்கா: எனக்குக் கண்ணு தெரியுது.

தம்பி: அஞ்சு பேர்கிட்டதானே காலைல பேசினீங்க... ஆறாவது நீங்களா?

அக்கா: கத்தாதே. வெளிய உக்காந்திருக்காங்க.

தம்பி: நீங்க இல்லாம இந்தப் பிரிவு எப்படி...

அக்கா: எங்க போறேன்? இங்கதான் இருப்பேன். வரைபடத்தைப் பார்க்கிறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு நீதானே சொன்ன? பார்க்கிறது இலவசம். நான் பார்க்கறேன். தப்பு இருந்தா பிரிண்ட் எடுத்துத் தா, சிவப்புப் பேனாவால திருத்தித் தர்றேன். முன்னெல்லாம் அப்படித்தானே.

தம்பி: எவ்வளவு நாளைக்கு? ரெண்டாவது மாசமே முதலாளி கேட்பார், ஒரு கோடுகூடப் போடாதவங்களுக்கு எதுக்குத் தலைமைப் பதவின்னு.

அக்கா: கேட்கட்டும்.

தம்பி: வீட்டுல மாமாவுக்கு வேற இப்ப வேலை இல்ல.

அக்கா: அதை ஏன் இழுக்கற?

தம்பி: மாமாகிட்ட சொன்னீங்களா?

அக்கா: சொல்லல.

தம்பி: அப்ப நான் இதை அனுப்ப மாட்டேன். குடைக்காரரை எடுத்துட்டு உங்க பேரைப் போடறேன். இல்ல, வேற யாரையாவது. இல்ல... எனக்குத் தெரியல. நீங்களா இப்படிக் கழுத்தை நீட்டினா நான் எப்படி...

அக்கா: அந்த மவுஸைக் கொடு.

தம்பி: அக்கா, வேண்டாம். முப்பது நாளைக்கு மாத்த முடியாது... அக்கா!

அக்கா: ...பச்சையா ஒரு டிக் வந்திருக்கு. போயிடுச்சா?

தம்பி: போயிடுச்சு.

அக்கா: அப்பாடா. தண்ணி குடி.

தம்பி: நான் முதலாளியைப் பார்க்கப் போறேன்.

அக்கா: என்னத்துக்கு? அவர் கையில ஒண்ணும் இல்லடா. யார் கையிலயும் இல்ல. அவன் விதியை மாத்திட்டான், நாம...

தம்பி: மாத்தல.

அக்கா: என்ன?

தம்பி: நமக்கு மாத்தாம இருந்திருப்பாங்கக்கா. போன வருஷம் ஒரு மெயில் வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் விருப்பப்பட்டா பகிர்வு லைசென்ஸையே தொடரலாம்னு. அறுபது நாளுக்குள்ள ஒரு பட்டனை அழுத்தணும், அவ்வளவுதான். ஒரே ஒரு பட்டன். அந்த மாசம்தான் அம்மாவுக்கு ஆபரேஷன். பதினஞ்சு நாள் லீவு. திரும்பி வந்தா இருநூத்திச் சொச்சம் மெயில். இதுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு வச்சேன், சாவகாசமாப் பார்க்கலாம்னு. மறுபடி திறக்கும்போது ரெண்டு நாள் தாண்டிடுச்சு. போன் பண்ணி அழாத குறையாக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. அப்பவே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். வாயே வரல.

அக்கா: தம்பி...

தம்பி: போன் கட் ஆகலக்கா. நான்தான் வச்சேன். அவர் சொல்ல வந்தது அதைத்தான். நீங்க கேட்டுடக்கூடாதுன்னு வச்சேன்.

அக்கா: தெரியும்.

தம்பி: ஜன்னலோர மேசைக்காரங்க கேட்டாங்களே, யார் தப்புன்னு... நான்தான்க்கா. ஆறு பேர் வயித்துலயும் அடிச்சவன் நான். நீங்க எதுக்கு உங்க இடத்தைக் கொடுக்கணும்? விடுங்க, போய்ச் சொல்லிடறேன். என்னை வேலையை விட்டு அனுப்பினா அந்தச் சம்பளத்துல ரெண்டு லைசென்ஸாவது... தெரியும்னா சொன்னீங்க?

அக்கா: ம்.

தம்பி: போன் வச்சது தெரியுமா?

அக்கா: விரல் போனதைப் பார்த்தேன். நீ வைக்கலன்னா நான் வச்சிருப்பேன்.

தம்பி: எனக்காகவா?

அக்கா: உனக்காக ஒண்ணுமில்ல. அந்த மெயில் ரெண்டு பேருக்கு வந்தது, தம்பி. நீ ஆஸ்பத்திரியில இருந்த, நான் இங்க இதே நாற்காலியில இருந்தேன். அன்னிக்கே திறந்தேன், பட்டன் வரைக்கும் படிச்சேன். இது அவன் வேலை, வந்து பார்த்துப்பான்னு மூடிட்டு டீ குடிக்கப் போனேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்ல... எழுந்திரு, மூஞ்சியைக் கழுவிட்டு வா. முதலாளிகிட்ட ரெண்டு பேருமாப் போவோம். முதல்ல நான் பேசறேன்.