முடியும் தேதி

"எங்க வேலைக்கு முடியற தேதி எழுதாதீங்க."

மாரமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், எதிர் சீட்டில் வேலைப் பட்டியல் தாளும் பேனாவுமாக இருந்த எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொன்னாள். காப்பிக்கொட்டை காயவைப்பவள்.

"கொட்டை காயப்போடற புதுக்களத்துக்குத் தேதி எழுதினோம். அன்னைக்கே முடிச்சாங்களே."

"அது கட்டற வேலைங்க. கட்டினா முடிஞ்சுது. இது கொட்டை பூஞ்சை புடிக்காம பாக்கற வேலைங்க. போன வருசம் நாளுக்கு ரெண்டுவாட்டி கிளறினோம். இந்த வருசம் நாலுவாட்டி. அப்பவும் ஓரத்துல கொஞ்சம் புடிக்குது. அடுத்த வருசம் வேற ஏதாச்சும் செஞ்சு பாக்கோணும்."

"முடியற தேதிக் கட்டம் காலியா இருந்தா மேனேஜர் கேப்பாருங்க."

"எழுதினா அந்தத் தேதியோட எங்களை நிறுத்திப்போடுவாருங்க."

ரைட்டர் பேனாவை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். அவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரைட்டர் வேலைக்கு அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கறீங்க?"