பள்ளத்தைப் பார்த்த ஜன்னல்

— கயித்த இழுத்துப் புடிங்க மாமா. நடுவுல தொங்குது பாருங்க.

— இழுத்துக்கினுதான் இருக்கேன் செல்வி. முளக்குச்சி நிக்க மாட்டேங்குது.

— 'கொளஞ்சியப்பன் அளவு போட்ட வூடு, கோணலா கெடக்குது'ன்னு நாளைக்கி ஊரே சிரிக்கும்.

— அடடா... பதிமூணு வருசத்துல இன்னிக்குத்தான் எம்பேரச் சொல்லியிருக்க.

— நான் எங்க சொன்னேன்? ஊரு சொல்லப் போறதச் சொன்னேன்.

— காசிநாதன் கொத்தனாரு வந்திருந்தா ஒரு நொடியில முடிச்சிருப்பாரு.

— அவரு எப்பிடி வருவாரு? சின்னசேலத்துல இருந்து ரோடு நெடுக மறியல்னு மரத்த வெட்டிப் போட்டிருக்காங்க. நாலு நாளா பஸ்ஸே இல்ல.

— அவரு வர்ற வரைக்கும் விட்டு வெப்போம். ஐப்பசியிலதான கடகால் தோண்டப் போறோம்.

— இன்னிக்கு அளவு போட்டுடணும். செங்கல்லு வருதுல்ல. எங்க எறக்குறதுன்னு தெரிய வேணாமா?

— ஆமா, உங்கண்ணன் கண்ணாயிரம் குடுக்குற சீரு. ரோடு இப்பிடிக் கெடக்கச் சொல்ல வண்டி எப்பிடி வரும்?

— நைனார்பாளையத்துல இருந்து ஏரிக்கரை மேலயே மாட்டு வண்டிய ஓட்டிக்கினு வருது. மத்தியானத்துக்குள்ள வந்துடும்.

— போன பொங்கலுக்கு அவரு கொல்லையில ஓலைய நீக்கிப் பாத்தேன். பாசி புடிச்ச பழைய கல்லு. தங்கச்சிக்குப் புதுசா வாங்கித் தர மனசு வரல போல.

— பழசுதான் கெட்டி.

— உங்கண்ணனச் சொன்னா ஒனக்கு மூக்கு மேல வந்துடும்... அது இன்னா, அந்தக் குச்சிய எங்க நடுற?

— சமையக்கட்டு. இங்க ஒரு ஜன்னலு. இங்க ஒரு கதவு. கதவத் தொறந்தா பள்ளத்துக்குள்ள எறங்கப் படி.

— மேக்கால சுவர்ல ஜன்னலும் வேணாம், கதவும் வேணாம்னு நேத்தே சொன்னேன்ல?

— சொன்னீங்க. ஏன்னு சொல்லல.

— கெழக்கால ரெண்டு வெச்சிக்க. ரோடு தெரியும். போற வர்ற பஸ்ஸு தெரியும்.

— இப்ப அங்க வெட்டுன மரந்தான் தெரியும். மேக்கால தொறந்தா கல்ராயன் மலை தெரியும் மாமா. மழை எறங்குறது இங்கருந்தே தெரியும்.

— மலைக்கு முன்னாடி அந்தப் பள்ளமில்ல தெரியும்.

— தெரியட்டுமே. கண்ணு அதத் தாண்டித்தான மலைக்குப் போவணும்.

— அதுல இன்னா இருக்குது? முள்ளு, தவக்கள. படி வெச்சா பாம்புதான் ஏறி வரும்.

— அப்ப பத்து வருசமா எதுக்கு ஏரி வண்டல அதுல கொட்டுறீங்க? கோடைக்குக் கோடை இருவது வண்டி.

— சும்மா... ஏரியில அள்ளச் சொன்னாங்க, அள்ளிக் கொட்டுனேன்.

— போன வருசம் அதுல பூசணி காய்ச்சிது. ஆசையா ஆக்கிப் போட்டேன். நீங்க கைய வெக்கல.

— எனக்குப் பூசணி ஆவாது.

— எங்கம்மா வூட்டுல மட்டும் ரெண்டு தரம் வாங்கித் தின்னீங்க.

— ...இந்தாங்க செல்வி, கயித்தப் புடின்னா புடிக்கணும். பூசணிக் கதைய அப்பறம் பேசலாம்.

— பொண்டாட்டிக்கி 'இந்தாங்க'வா? மாமாவுக்குக் கோவம் வந்துடுச்சி.

— கோவமெல்லாம் இல்ல.

— உங்க தம்பி பழனியும் மரம் வெட்டப் போனானாமே?

— போனான். படிச்ச புள்ளைங்களுக்கு வேலையில எடம் ஒதுக்குன்னு கேக்குறாங்க. நாயமாத்தான் கேக்குறாங்க. நம்ம புள்ள சுபாஷுக்கும் சேத்துத்தான் கேக்குறாங்க.

— கேக்கட்டும், நானும் வேணான்னு சொல்லல. அந்தப் புளிய மரம் இன்னா பண்ணுச்சி? நாம கல்யாணம் முடிஞ்சி வரச் சொல்ல அதுக்கடியிலதான வண்டிய நிறுத்துனோம். வெட்டுனவனுக்குக் கை நடுங்காதா மாமா?

— அந்த நேரத்துக்கு நடுங்காது செல்வி. அப்பறமாத்தான்... ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள வந்து நிக்கும்.

— நீங்க எதோ வெட்டுன மாதிரி பேசுறீங்க.

— குச்சியக் கீழ வையி. இப்பிடி வந்து ஒக்காரு.

— ஒக்காந்துட்டேன். சொல்லுங்க.

— ஏரிக்கரையப் பலப்படுத்த கவர்மெண்டுல நம்ம நெலத்துல மண்ணு எடுத்தாங்கன்னு சொன்னேன்ல...

— ஆமா. சுபாஷப் பெத்துக்கினு எங்கம்மா வூட்டுல இருந்து வந்தனே, அன்னிக்கு வாசல்லயே நிறுத்திச் சொன்னீங்க.

— யாரும் எடுக்கல. நான்தான் மண்ண வித்தேன்... செங்கல் சூளக்கார ஆதிமூலத்துக்கு.

— ம்.

— அந்தக் காசுல மோட்டார் வெச்சி, நீ புள்ளையோட வர்றப்ப தண்ணி பாய்ச்சிக் காட்டணும்னு ஒரு ஆசை. முழங்கால் ஆழம்னுதான் பேச்சு. நடுவுல காச்சல் கண்டு பத்து நாளு படுத்துட்டேன். எழுந்து போயிப் பாத்தா... ரெண்டு ஆள் ஆழம்.

— ம்.

— உங்கப்பா என்ன நம்பித்தான் அந்த நெலத்த ஒனக்குக் குடுத்தாரு. கம்பு போட்டா ஆள மறைக்கிற மண்ணு. பாக்க மாட்டாமதான் ரெண்டு கோடை மலையில புளி மூட்ட ஏத்துற லாரிக்குப் போயிட்டேன்.

— அதுக்குத்தான் போனீங்களா... நான் வேற எதுனா கோவமோன்னு நெனச்சேன்.

— ஒம்மேல இன்னா கோவம்? அந்த ஜன்னல வெச்சா தெனம் காலையில எழுந்ததும் அது மூஞ்சிலதான் முழிக்கணும். நீ பக்கத்துல நின்னு அடுப்பு ஊதிக்கினு இருப்ப. என்னால முடியாது செல்வி. நல்லாத் திட்டிடு.

— திட்டறதுன்னா பத்து வருசத்துக்கு முன்னாடியே திட்டியிருப்பேன்.

— இன்னாது?

— அவ்ளோ மண்ண எடுத்திருந்தா ஏரிக்கரை ஒசந்திருக்கணும். அது ஒசரல. ஆதிமூலம் சூளதான் ஒசந்துச்சி.

— தெரிஞ்சிக்கினேவா இத்தினி வருசம்...

— நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க ஒவ்வொரு கோடையும் வண்டல் வண்டல்னு மாட்டப் போட்டு அடிச்சிக்கினு இருந்தீங்க. அதவுட வேற எப்பிடிச் சொல்லுவாங்க? அதான் கேக்கல.

— பூசணி ஆக்கிப் போட்டதெல்லாம்...

— தின்னா மனசு ஆறும்னுதான் போட்டேன். எங்க தின்னீங்க... எழுந்திரிங்க, வண்டிச் சத்தம் கேக்குது. அண்ணன் வந்துடுச்சி.

— அவரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? அவருக்கும் தெரியுமா?

— தெரியும். கல்லப் பாருங்க மொதல்ல. ஒண்ண எடுத்து ஒடச்சிப் பாருங்க.

— ...உள்ள வெள்ள வெள்ளயா நத்தக்கூடு. நம்ம மண்ணுல ஏரு ஓட்டுனா இப்பிடித்தான் கெளம்பும்... செல்வி, இது உங்கண்ணன் வாங்குனது இல்லியா?

— எங்கண்ணன் ஓலை போட்டு மூடி வெச்சதோட சரி. நீங்க மலைக்குப் போன ரெண்டு கோடையும் சுபாஷுக்குப் புங்க மரத்துல தூளி கட்டிட்டு ஆதிமூலம் சூளையில கல்லு சுமந்தேன். கூலிக்குப் பதிலா எங்க மண்ணுல அறுத்த கல்லா குடுன்னு கேட்டு வாங்குனேன். வூடு முழுக்க வராது மாமா, மேக்கால சுவருக்கு மட்டுந்தான் வரும்... அதுவும் ஒரு ஜன்னலும் ஒரு கதவும் விட்டாத்தான் பத்தும்.