சர்வர் பழுதாகவில்லை

அன்று காலை தம்பி என் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு அது ஒரு நம்பர் சிறியது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, "அண்ணே, உன் செருப்பும் உன்னை மாதிரியே இறுக்கிப் பிடிக்குது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அம்மா சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். நினைவில்லை.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. "மின்தடைக்குப் பின் சர்வர் பழுதடைந்து திரை இயங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சர்வர் பழுதடையவில்லை. என் பொறுப்பில் இருந்த ஆறு வருடத்தில் அது ஒருநாளும் பழுதடைந்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வந்துவிடுகிறது.

குளிர்கிடங்கில் ஒன்பது அறைகள். அறைகளைக் குளிர்விக்கும் குழாய்களில் அமோனியா ஓடுகிறது. அது கசிந்தால் மூச்சு நின்று ஆள் போய்விடுவான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் அறையிலும் ஒரு மானி உண்டு. அது காற்றில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையின் மேசைக்கடியில் இருக்கும் லினக்ஸ் சர்வருக்குச் சொல்லும். சர்வர் அதை எண்ணாக எழுதிவைக்கும். அவ்வளவு போதும். ஆனால் எண்ணைப் படிக்கச் சோம்பல்படும் மனிதர்களுக்காக, யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் ஒரு படத்தைப் போட்டு வைத்திருந்தான். ஒன்பது பெட்டிகள். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் கசிவு, கூடவே அந்தப் படமே மணியும் அடிக்கும். ஒரு குழந்தையைக்கூட அங்கே வேலைக்கு வைக்கலாம். என் தம்பியை வைத்தார்கள். சிபாரிசு செய்தவன் நான்.

சர்வர் உழைக்கப் பிறந்தது. அதற்குப் படத்திரை போடுவது உழுகிற மாட்டுக்குப் பட்டு போர்த்துவது மாதிரி. தம்பி அதோடும் நிற்கவில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் கடலில் சூரியன் மறையும் படம் ஒன்றை வைத்தான். அந்தத் திரைக்கு அவன் வைத்த பெயர் டிவி. "டிவி நல்லா ஓடுதுண்ணே" என்பான், என்னைக் காணும்போதெல்லாம்.

படம் இல்லாமலே சர்வரிடம் எப்படிப் பேசுவது என்று அவனுக்காக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெயரைத் தட்டு, கடவுச்சொல்லைத் தட்டு, இந்த வரியைத் தட்டினால் ஒன்பது அறைகளின் எண்ணும் வரும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின. மறு வாரம் போனபோது அந்த நான்கு பக்கமும் எட்டாக மடிந்து மேசைக்காலுக்கு அடியில் இருந்தது. மேசை ஆடியதாம்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில், எல்லோர் முன்னாலும் அவன் சொன்னான்: "எங்கண்ணனுக்குப் படம்னாலே ஆகாது. கல்யாண ஆல்பத்தையே எழுத்தா அடிச்சுத் தரச் சொன்ன ஆளு." கம்ப்ரசர் மெக்கானிக்குக்குப் புரையேறிவிட்டது. யாரோ என் முதுகைத் தட்டினார்கள். புரையேறியது எனக்கில்லை.

அன்று மாலை நான் ஒரே ஒரு வரி தட்டினேன். இனி எழும்போது படத்திரையோடு எழாதே, எழுத்துத் திரையோடு எழு என்பது அதன் பொருள். விவரம் தெரிந்த யாரும் சர்வரை அப்படித்தான் வைப்பார்கள். அந்த வரிக்கு ஒரு குணம் உண்டு. தட்டியவுடன் ஒன்றும் மாறாது. சர்வர் அணைந்து, மறுபடி எழும்போதுதான் மாறும். பதிவேட்டில் நான் அதை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை.

நாற்பது நாள் அவன் பச்சைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. முற்பகலில் மின்சாரம் போய், சர்வரின் பேட்டரியும் தீர்ந்து, பிறகு மின்சாரம் வந்தது. கம்ப்ரசர் மீண்டும் ஓடிய அதிர்ச்சியில் நான்காம் அறைக் குழாயின் இணைப்பு விட்டுப்போனது. இதை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். பதினொன்றரைக்குத் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, டிவி செத்துப்போச்சு."

"சாகல. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. ஒரே கறுப்பு. மேல ஒரு கோடு நின்னு கண்ணடிக்குது. பேரு என்னன்னு கேக்குது."

"கேட்டா சொல்லேன். உனக்குப் பேரு இல்லையா? எல்லாம் தாள்ல இருக்கு."

"எந்தத் தாளு?"

"மேசைக் காலுக்கு அடியில குனிஞ்சு பாரு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தான். "அட, அதா? அதை எடுத்தா மேசை ஆடுமேண்ணே. விடு, நான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். கால் இருக்கு, மூக்கு இருக்கு."

அங்கே அது வழக்கம். திரை ஓடாவிட்டால் ஓர் ஆள் ஒன்றாம் அறையிலிருந்து ஒன்பது வரை நடந்து பார்த்து வரவேண்டும். வாசலில் வாயு தடுக்கும் முகமூடி தொங்கும். கனமானது. பெட்டி சிவப்பானால் மட்டும்தான் எடுப்பார்கள்.

போனை வைத்த பிறகு வீட்டிலிருந்தே சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான்காம் அறையின் எண் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நொடி தவறாமல், அழகாக, வரிக்கு வரி எழுதிக்கொண்டிருந்தது. படிக்கத் தெரிந்தவன் படித்திருப்பான்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சர்வரிடம் கேட்க ஒரு சிறிய கட்டளை உண்டு. கேட்டேன். என் பெயர் மட்டும் வந்தது. அவன் மனம் மாறித் திரும்பி வந்து, குனிந்து, தாளை எடுத்து, தன் பெயரைத் தட்டினால் அதுவும் வரும். மறுபடி கேட்டேன். ஓர் அறைக்கு நான்கு நிமிடம் என்று வையுங்கள். நான்காம் அறைக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்தில் இருபது, முப்பது முறை கேட்டிருப்பேன். என் பெயர் மட்டும்.

உள்ளேயிருந்து அம்மா, "தம்பி சாப்பிட வர்றானான்னு கேளுடா" என்றாள்.

"வேலையா இருக்கான்மா" என்றேன்.

படத்திரையை வீட்டிலிருந்தே எழுப்பியிருக்க முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியும். அதற்கும் ஒரே வரிதான். எட்டு நொடியில் பெட்டிகள் வந்திருக்கும், தாழ்வாரம் முழுக்க மணி அடித்திருக்கும். அந்த வரியைத் தட்டியும் வைத்திருந்தேன். எண்டர் மட்டும் பாக்கி. அவன் ஒரே ஒரு முறை படித்துவிட்டால் போதும் என்று இருந்தேன். அவன் நன்மைக்குத்தான்.

ஒரு திருத்தம். அடுத்தவன் பிழையைச் சொல்லிவிட்டு என் பிழையை விட்டுவைக்கக் கூடாது. போனை வைத்த பிறகு உள்ளே போனேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. சர்வர் எழுந்த செய்தி எனக்குப் பதினொன்று இருபதுக்கே வந்துவிட்டது. அப்போதே உள்ளே போய்விட்டேன். குனிந்து பார் என்று அவனிடம் சொன்னபோது நான்காம் அறையின் எண் என் கண்முன் இருந்தது.

செருப்பைத் திருப்பித் தந்தார்கள். என்னுடையது என்று தெரிந்தும், அம்மா அதை அவனுடையதாகவே எண்ணித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

திரை இயங்கவில்லை என்ற உங்கள் அறிக்கையை நம்பி, நிர்வாகம் புதிய திரை ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறது. பழையதைவிடப் பெரியது. நேற்றுப் போயிருந்தேன். சர்வர் நான் வைத்தபடியேதான் எழுகிறது. மேலே அந்தக் கோடு கண்ணடித்துக்கொண்டு, பெயர் என்னவென்று கேட்டுக்கொண்டிருக்கிறது.