முப்பத்தொன்பதாவது பெயர்

டெல்சி: ஏசுஅடிமையா? அவிய வீட்ல இல்ல மக்கா.

ஷைஜா: எப்ப வருவாவ அக்கா?

டெல்சி: வரமாட்டாவ.

ஷைஜா: கல்ஃப்லயா?

டெல்சி: வெளியூருன்னு வச்சுக்க. மொதல்ல இந்த ஸ்டூல்ல இரி. ஜெராக்ஸ் மிஷின்ல சாயாத, சூடா கெடக்கு. எங்கருந்து வாற?

ஷைஜா: குழித்துறை. ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். சரி, வியாகுலம்மாள் இருப்பாவளா?

டெல்சி: அவியளும் இல்ல.

ஷைஜா: ஜான்ரோஸ்?

டெல்சி: ம்ஹூம்.

ஷைஜா: என்னக்கா, ஊரே காலியா? முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே அட்ரஸு. 'டெல்சி பிரவுசிங் சென்டர், குருசடி பக்கம்.' ஒருத்தரைக்கூட காட்ட மாட்டேங்கிய!

டெல்சி: ஏட்டி, நீ வட்டிக்குக் குடுத்தவளா? இந்த வெரட்டு வெரட்டுத!

ஷைஜா: அய்யோ, இல்லக்கா! நன்றி சொல்ல வந்தேன். கண்ணு தெரியாதவியளுக்குக் கம்ப்யூட்டர்ல உள்ளத தமிழ்ல வாசிச்சுக் காட்டுமே ஒரு சாஃப்ட்வேர்... அதச் செய்யுற ஆளுவள்ல நானும் ஒருத்தி. ஷைஜா.

டெல்சி: அந்த வாசிக்கிற கொரலா! அந்த ஆளுவளா நீங்க? நான் என்னமோ பெரிய கம்பெனின்னு...

ஷைஜா: கம்பெனியும் இல்ல, சம்பளமும் இல்ல. பத்துப் பன்னெண்டு பேரு, அவனவன் வேலை முடிஞ்சு வந்து உக்காந்து எழுதுதோம். யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கிடலாம். ஆனா சர்வருக்கு மாசா மாசம் வாடகை உண்டுல்லா. சிலபேரு ஒரு தடவ ஆயிரம் ரூவா தருவாவ, பெறவு ஆளையே காணாது. ஒங்க ஊருலதான் மூணு வருசமா ஆளுக்கு இருவது ரூவா. ஒரு மாசம் தவறல. அந்த இருவது இருவது ரூவாயிலதான் இது ஓடுது. எப்பிடி விடாம தருதாவன்னு கேட்டுட்டுப் போனா, மத்த ஊருலயும் சொல்லலாம்னு...

டெல்சி: எந்திரி. வாசலுக்கு வா. அந்தா, கோயிலுக்குப் பொறத்தால பாரு.

ஷைஜா: மதிலு... உள்ள சிலுவையா தெரியுது. கல்லறைத் தோட்டமா?

டெல்சி: வியாகுலம்மாள் மூணாவது வரிசை. நீலக் கல்லு. ஜான்ரோஸ் அந்த வேப்பமரத்து மூட்டுல.

ஷைஜா: அக்கா, வெளையாடாதிய.

டெல்சி: ஏசுஅடிமைக்கு அங்க எடம் இல்ல. கடலு கொண்டுபோன ஒடம்பு திரும்பி வரல.

ஷைஜா: அப்ப... முப்பத்தெட்டு பேருமா?

டெல்சி: ஒருத்தருக்கும் உசுரு இல்ல மக்கா.

ஷைஜா: போன ஒண்ணாந்தேதிகூட பணம் வந்துச்சே! வியாகுலம்மாள், இருவது ரூவான்னு நான் கண்ணால பாத்தேன்.

டெல்சி: நான்தான் அனுப்பினேன். இந்தா, தண்ணி குடி.

ஷைஜா: எதுக்கு இப்பிடி...?

டெல்சி: குளோரின்னு ஒருத்தி இருக்கா, ஏசுஅடிமைக்க மவ. கண்ணு தெரியாது. அவளுக்காகத்தான் ஒங்க சாமானத்த இந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். சும்மா வாங்கப்புடாதுன்னு இருவது ரூவா தந்தா. 'பேரு'ன்னு கேட்ட எடத்துல, அப்பன் பேரப் போடுன்னா. போட்டேன். ஒண்ணாந்தேதி ஆனதும் உதவி செஞ்சவிய பேர அந்தக் கொரலு வாசிக்கும்லா?

ஷைஜா: ஆமா. நன்றிப் பட்டியலு.

டெல்சி: "ஏசுஅடிமை"ன்னு வாசிச்சுச்சு. குளோரி அப்பிடியே தரையில முட்டுக்குத்திட்டா. அடக்கம் பண்ண ஒடம்பு கெடைக்கல, கல்லு இல்ல. வருசத்துல கல்லறைத் திருநாளுக்கு ஒரு மொறை கோயில்ல பேரு வாசிப்பாவ, அவ்வளவுதான். இது மாசா மாசம்! அடுத்த மாசம் பதினோரு பொம்பளைய இருவது ரூவாயோட வந்து நின்னாவ. அப்பிடியே கூடிக்கூடி முப்பத்தெட்டு பேரு ஆச்சு.

ஷைஜா: அக்கா, அது சாஃப்ட்வேர். பூசை இல்ல.

டெல்சி: அது எங்களுக்குத் தெரியாதா? பாட்டுப் பெட்டிக்கும் பீடத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுவளா நாங்க? ஆனா பேரு சொல்லுதே மக்கா. இந்த ஊருல வேற யாரு சொல்லுதா? பதினேழாவது பேரு பெனின். என் ஆளு. வள்ளத்துல போனது, ஏழு வருசம் ஆச்சு.

ஷைஜா: அதான் ஒரு மாசமும் தவறலியா?

டெல்சி: மீனு இல்லாத மாசம்கூட அந்த இருவது ரூவாய எடுத்து வச்சிருவாவ. எப்பிடி விடாம தருதாவன்னு கேட்டல்லா? தராம விட்டா பேரு நின்னுரும். அதான்.

ஷைஜா: நான் ஒண்ணு சொல்லணும் அக்கா. பேரு வாசிக்கிறத நிறுத்தப் போறாவ.

டெல்சி: யாரு?

ஷைஜா: எங்க ஆளுவதான். போன மாசம் பணம் வந்தது முப்பத்தெட்டு பேருக்கு. வாசிச்சது முப்பத்தொம்பது. பட்டியலு சரியில்ல, எடுத்துருவோம்னு ஒரே பேச்சு. பாத்துட்டு வான்னு என்னைய அனுப்புனாவ.

டெல்சி: ஏட்டி, அது எங்க தப்பு இல்ல! நான் முப்பத்தெட்டுதான் அடிச்சேன்!

ஷைஜா: தெரியும்.

டெல்சி: கடைசிப் பேரு முடிஞ்சு மெழுகுதிரிய அணைக்கப் போறோம், இன்னொரு பேரு வருது. 'பிரைட்டன்'னு. அப்பிடி ஒருத்தன் இந்த ஊருல செத்ததும் இல்ல, பொறந்ததும் இல்ல.

ஷைஜா: பேரு மட்டுந்தான் கேட்டுச்சா?

டெல்சி: அதச் சொல்லாத. மத்த பேரெல்லாம் கடகடன்னு போச்சு. அந்தப் பேருக்கு முன்னால கொரலு நின்னுது. பெறவு... மூச்சு.

ஷைஜா: என்ன மூச்சு?

டெல்சி: ஒரு மனுசன் பேச வாயத் தொறக்கதுக்கு முன்னால உள்ள இழுப்பானே, அது.

ஷைஜா: ஸ்பீக்கர் எரைச்சலா இருக்கும்.

டெல்சி: கடக்கரையில கெடக்கவளுக்குக் காத்து எது, மூச்சு எதுன்னு தெரியாதா?

ஷைஜா: வராதுக்கா. வர வழியே இல்ல. ஒரு ஆளு வாசிச்சதப் பதிவு பண்ணித்தான் அந்தக் கொரலச் செஞ்சோம்; அதுல இருந்த மூச்செல்லாம் ஒண்ணொண்ணா வெட்டி எடுத்தாச்சு. பேச்சு மட்டுந்தான் உள்ள இருக்கு.

டெல்சி: பன்னெண்டு பொம்பளைய நின்னோம். பன்னெண்டு பேரும் கேட்டோம். குளோரி கைய நீட்டி ஸ்பீக்கரத் தொட்டுப் பாத்தா. யாரோ பக்கத்துல வந்து நிக்கான்னு சொன்னா.

ஷைஜா: குளோரி அக்காவும் கேட்டாவளா? நல்லா ஞாபகம் இருக்கா? ஒரு மூச்சா, ரெண்டா?

டெல்சி: ஒண்ணுதான். நீளமா.

ஷைஜா: நீளமா...

டெல்சி: யாருமத்த ஆத்துமா ஒண்ணு எங்க வரிசையில வந்து நின்னுருக்குன்னு பேசிக்கிட்டோம். அதுக்கும் சேத்து இந்த மாசம் இருவது ரூவா பிரிச்சாச்சு. இனி கணக்கு முப்பத்தொம்பது சரியா வரும். பேர மட்டும் நிறுத்திராத மக்கா. ஒன் கால்ல விழுகேன்.

ஷைஜா: அய்யோ... என்னக்கா இது, எந்திரிங்க!

டெல்சி: ஆறு மணிக்கு வந்துருவாவ எல்லாரும். இன்னைக்கு ஒண்ணாந்தேதி. நின்னுபோச்சுன்னு அவளுவ மூஞ்சியப் பாத்து நான் எப்பிடிச் சொல்லுவேன்?

ஷைஜா: தெரியும். ஒண்ணாந்தேதின்னு பாத்துத்தான் வந்தேன்.

டெல்சி: நல்ல கொரலு அது. பாவம், யாரு பெத்த பிள்ளையோ. எங்க இருக்காவ அவிய?

ஷைஜா: வெளியூருல.

டெல்சி: கல்யாணம் ஆயிட்டா?

ஷைஜா: இல்ல.

டெல்சி: ஒனக்கு?

ஷைஜா: இல்லக்கா.

டெல்சி: பின்ன என்ன, ஒரே சோலி பாக்குதிய... ஏட்டி, எதுக்குக் கண்ணு கலங்குத? நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஷைஜா: ஒண்ணுமில்ல.

டெல்சி: வந்ததுலருந்து பாக்கேன். பேரு எப்பிடி வந்துச்சுன்னு நீ கேக்கல. பணத்தப் பத்தியும் பெருசாக் கேக்கல. மூச்சத்தான் திரும்பத் திரும்பக் கேக்க. அந்த பிரைட்டன் யாரு மக்கா?

ஷைஜா: அந்தக் கொரலுதான் அக்கா பிரைட்டன். எங்களுக்கு நிச்சயம் முடிஞ்ச நாலாம் மாசம், களியக்காவிளை ரோட்டுல பைக்க லாரி அடிச்சுட்டு. நாலு வருசம் ஆச்சு. பட்டியல்ல பேரச் சேத்தது நான்தான். அவரு வாசிச்ச மூவாயிரம் வரியில அவரு பேரு எங்கயும் கெடையாது. அவரு பேர அவரு கொரல்லயே ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு, எழுதிட்டேன். வீட்ல தனியா போட்டுக் கேட்டா... அந்த மூச்சு. நீளமா. அவரு மூச்ச ஒவ்வொண்ணா வெட்டி எறிஞ்சது இந்தக் கையிதான் அக்கா, ஒண்ணு மிச்சம் வைக்கல. எனக்குத்தான் புத்தி கலங்கிட்டோன்னு நெனச்சேன். எங்க ஆளுவ யாரும் என்னைய அனுப்பல. நீங்களும் கேட்டியளான்னு தெரிஞ்சுக்கத்தான் பஸ் ஏறுனேன். பேரு நிக்காது, நான் பாத்துக்கிடுதேன்... அந்தப் பொம்பளைய வரட்டும், ஸ்பீக்கரப் போடுங்க. இன்னைக்கு நான் ஒங்க எல்லாரு கூடயும் நின்னு கேக்கேன்.