உப்பு வயலில் நின்ற கதிரும் சுகுணா டீச்சரின் பாடமும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கோயில் கமிட்டித் தலைவர் குழந்தைவேலு ஐயா அவர்களே, அக்கரையில் அபர்டீன் பஜாரில் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டுப் படகேறி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைவர் மேசையில் ஒரு மனு இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளியில் சுகுணா டீச்சர் பரிணாமப் பாடம் நடத்தினார். மனிதனும் குரங்கும் ஒரே பழைய வம்சத்தின் கிளைகள் என்றார். ஆகவே அவரை மாற்ற வேண்டுமாம். கடவுள் படைத்தார் என்பதே அறிவியல் பாடம் ஆக வேண்டுமாம். நாளைக் காலை கல்வி அலுவலகத்துக்கு மனு போகிறது.

என்ன அங்கம்மா அக்கா? "கச்சால் தீவுல இருந்தப்ப என் தேங்காயத் திருடுன கொரங்கு எனக்குப் பாட்டனாடா?" என்கிறீர்களா? பாட்டன் இல்லை அக்கா, தூரத்துப் பங்காளி. பங்காளி என்றால் திருடத்தானே செய்வான்!

சுனாமி வந்ததே, மறந்தோமா? வடக்குத் தீவில் திக்லிபூர்ப் பக்கம் நிலம் உயர்ந்தது, பவளப்பாறை வெளியே வந்தது. இங்கே நம் தீவில் நிலம் தாழ்ந்தது, கடல் வயலுக்குள் வந்தது. படைத்த இடத்திலேயே நின்றதா இந்தப் பூமி?

மறு வருஷம் பெரியதம்பி மாமா அந்த உப்பேறிய வயலில் நெல் விதைத்தார். கதிரெல்லாம் கருகியது. ஒரு மூலையில் நாலு பிடி மட்டும் நின்றது. ரெங்கம்மா அத்தை கத்தினார்: "பாகலா நீங்க? பைத்தியமா புடிச்சிருக்கு? அறுத்து மாட்டுக்குப் போடுங்க!"

"சும்மா இரு புள்ள. உப்பக் குடிச்சும் நின்ன பயிரு. இதோட புள்ளைங்களும் நிக்கும்" என்றார் மாமா.

அதையே விதைத்தார். நின்றதை எடுத்தார், மறுபடி விதைத்தார். ஐந்து வருஷம்! இன்று வயல் பச்சை. ஊரே அவர் வாசலில் விதை கேட்டு நிற்கிறது.

போன வாரம் கேட்டேன்: "மாமா, அது மட்டும் எப்படி நின்னுச்சு?"

"எல்லா நெல்லும் ஒண்ணுபோல பொறக்காதுடா. தாங்குனது தப்பிச்சுது."

டீச்சர் கரும்பலகையில் எழுதியது வேறென்ன? அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது? பெரியதம்பி மாமாவுடையது!

சிரிக்காதீர்கள். சாமி கும்பிட்டுத்தான் அவர் விதை எடுத்தார். கோயிலில் படைப்பைச் சொல்லுங்கள், கைகூப்பிக் கேட்கிறேன். வகுப்பில், வயலில் நடந்ததைச் சொல்லட்டும்.

அன்று பள்ளியில் நான் "ஏன்" என்று கேட்டேன், "உட்கார்" என்றார்கள், வெளியே போனேன். இந்த டீச்சர் "ஏன்" என்று கேட்கச் சொல்கிறார். அவரை அனுப்பினால் உங்கள் பிள்ளைகளும் என்னோடு படகுத்துறை ஜெட்டியில் மூட்டை தூக்க வருவார்கள். எனக்குத் துணை வேண்டாம்!

என்ன மாமா, எழுந்துவிட்டீர்கள்? "பேனாவக் குடுடா" என்கிறீர்களா? இந்தாருங்கள்.

அடித்துவிட்டார், தாய்மார்களே! தன் பெயரைத் தானே அடித்துவிட்டார்!

கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் வரிசையில் வாருங்கள், பேனா ஒன்றுதான். இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி சொல்லி, மேசைக்கு வழிவிட்டு இறங்குகிறேன். வணக்கம்!