ஒரு செபமாலை நேரம்

வெள்ளைச் சட்டை எனக்கு ஒன்றுதான் உண்டு. கலியாணத்துக்கு எடுத்தது. இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாக்குமூலத்தை ஏட்டையா எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாமென்றேன். எனக்கு எழுத்து நாற்பது வயதுக்குமேல் வந்தது. கோயில் சுவர்களில் பதித்த கல்லைப் பார்த்து, தர்மம் செய்தவர்கள் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தே கற்றுக்கொண்டேன். மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் உடைத்த கை. கோணலாகத்தான் எழுதும்.

என் பேர் ராசப்பன். சிங்காநல்லூரில் ஸ்டூடியோ வைத்திருந்த சென்னகிருஷ்ணனிடம் ஐந்து வருஷம் கூலிவேலை செய்தேன். பழைய மாதா கோயில்களை உள்ளே படமெடுத்துப் புத்தகம் போடுவது அவர் ஆசை. அவர் நாயுடுதான், ஆனால் எங்கள் கோயில்களின் விதானத்தை அண்ணாந்து பார்த்தால் சாப்பாடு மறந்துவிடுவார்.

கோயிலுக்குள் வெளிச்சம் போதாது. லென்ஸ் மூடியைக் கழற்றினால் பத்து நிமிஷத்துக்குமேல் திறந்தே கிடக்க வேண்டும். அத்தனை நேரமும் நான் வெள்ளித்தாள் ஒட்டிய தகரத்தைத் தூக்கிக்கொண்டு, வாசல் வெயிலை அதில் வாங்கி, இருட்டு மூலைகளில் அடித்துக்கொண்டே நடப்பேன். நிற்கக் கூடாது. நேரக் கணக்குக்குச் செபமாலை. ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி, ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லி முடித்தால் மூடியைப் போடலாம்.

"உங்க மாதா சொல்ற நேரம் என்ர வாட்சு சொல்றதில்லடா" என்பார்.

என் சம்சாரம் பாவாத்தாளும் கூட வருவாள். தரை கழுவி, பெஞ்சு துடைத்து, தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பாள். அறுபதாம் வருஷம் அவளுக்கு இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் எனக்குத் தோள் வீங்கிப்போய்க் கை தூக்க முடியவில்லை. அவள்தான் தகரத்தை எடுத்தாள்.

"ஏனுங்க, நான் குறுக்க நடந்தா படத்துல உழுவனுங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"உழாம? மகராணியாட்ட உழுவே அம்மணி. நல்லா நட."

அவள் வெளியே ஓடிப்போய்த் தலை சீவிக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். இருமலை அடக்கிக்கொண்டு, ஒரு செபமாலை நேரம் முழுக்க நடந்தாள். மாலையை உருட்டியது நான். முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையில் துப்பினாள். சிரித்துக்கொண்டே துப்பினாள். மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளை வேறு யாரும் படமெடுத்ததில்லை.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. அதுவரை படம் ஒன்றையும் அவர் எங்களுக்குக் காட்டியதில்லை. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பீடம் இருந்தது. புனிதர் சுரூபங்கள் இருந்தன. அவள் துடைத்த பெஞ்சுகள் பளபளவென்று இருந்தன. பாவாத்தாள் இல்லை. கீழே 'ஆளற்ற ஆலயத்தின் அமைதி' என்று அச்சடித்திருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன்.

அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"அட கிறுக்கா, அசைஞ்சுட்டே இருந்தா எப்படிடா படத்துல உழும்? நின்னாத்தான் உழும்."

"அவ உழுவான்னு சொன்னீங்களே."

"சொல்லாட்டி, அந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு அப்படி நடந்திருப்பாளா?"

நியாயமான பதில்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. என் காலில் ஆணி ஏறியபோது சைக்கிளில் வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனவர். நின்றால் விழும் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன்.

இந்த மாசியில் சத்தியமங்கலம் போகிற வழியிலுள்ள கோயிலுக்குப் போனோம். பீடத்துக்குமேல் விதானத்தில் சிறகு விரித்த சம்மனசுகளை வரைந்திருக்கிறார்கள். கீழேயிருந்து தகரம் அடித்தால் வெளிச்சம் எட்டவில்லை. தூணுக்குப் பின்னால் ஏணி போட்டுத் தகரத்தோடு அவரே ஏறுவதாகவும், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மாலை உருட்ட வேண்டுமென்றும் சொன்னார். முன்பொரு கோயிலில் பங்குச் சாமியார் கூப்பிட்டாரென்று நான் பாதியில் போய், ஒரு படம் கெட்டது. அந்த ஞாபகம் அவருக்கு.

"மாலை முடியற வரைக்கும் எவன் கூப்புட்டாலும் போகாதே. தெரிஞ்சுதா?"

"சரிங்க" என்றேன்.

மறுநாள் காலை மூடியைக் கழற்றிவிட்டு வந்து ஏறினார். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். நான்காவது மணியில் ஏணியை விட்டுவிட்டு, நடுப்பாதைக்குப் போய், லென்ஸைப் பார்த்து நின்றேன். ஏணி வழுக்கியது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கிறேன்.

"ராசப்பா, ஓடியாடா" என்றார். இடுப்பு ஒடிந்திருக்க வேண்டும். கையால் தரையைத் தள்ளித் தள்ளி என் பக்கம் நகர்ந்தார். நான் தலையைத் திருப்பவில்லை. இருபதாவது மணியில் "கண்ணு" என்றுகூடக் கூப்பிட்டார். முப்பத்தெட்டுக்கு மேல் சத்தமில்லை. ஐம்பத்து மூன்றையும் முடித்து, மூடியைப் போட்டுவிட்டு, சாமியாரைக் கூப்பிட ஓடினேன். நிஜமாகவே ஓடினேன்.

ஸ்டூடியோவில் கழுவிய படம் இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. நான் முழுசாக விழுந்திருக்கிறேன். மாலை உருட்டிய விரல் மட்டும் கலங்கல். அவர் நகர்ந்த இடமெல்லாம் பனிமாதிரி இருக்கிறது. ஓரத்தில் ஒரு கை மட்டும் தெளிவு. கடைசிப் பதினைந்து மணி அந்தக் கை அசையவில்லை.

"மனுசன் துடிச்சுட்டு இருக்கறப்ப நீ போட்டோவுக்கு நின்னயாடா?" என்று கேட்டீர்கள்.

நின்றேன். பாவாத்தாள் இருமலை விழுங்கிக்கொண்டு நடந்தபோது அவர் மூடியைப் போட்டாரா? மாலையை நிறுத்தச் சொன்னாரா? அவர் சொன்னபடிதான் நானும் செய்தேன். தூக்கில் போட்டாலும் இதையேதான் சொல்வேன்.

இனிச் சட்டை. தகரம் தூக்கப் போகிற கூலிக்காரன் எதற்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஏணி அன்றைக்கு வழுக்குமென்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் தரை கழுவிய பிறகு, தூணடிக் கல்லில் அரை மெழுகுவர்த்தி தேய்த்துப் பளபளப்பாக்கியவன் நான்தான். அவர் ஏறும்வரை ஏணிக்காலுக்குப் பாதத்தால் முட்டுக்கொடுத்தவனும் நான்தான். எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன், கைநாட்டு வேண்டாம்.

படத்தில் என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறேன், பாருங்கள். அது பாவாத்தாளுக்கு. எனக்கு ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா. ஓரத்தில் அந்தக் கை தெரிகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் நன்றாக இருக்கும்.