துரையை அடித்த குற்றம்

ஜப்பான்காரன் காலம். கஜா பேராங் தெருவில் அரிசிக்கு நின்ற வரிசை, தூற்றலில் நனைந்தபடி தூக்கத்தில் நடப்பதுபோல் நகர்ந்தது. அன்று அரிசி கிடைத்ததா என்பதே எனக்கு மறந்துவிட்டது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஒரே சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு நின்றார்கள். இளையவள் சொன்னாள்:

“அக்கா, எம் புருசன் இப்பக் குத்தவாளியே இல்லையாம்.”

“என்னடி சொல்ற? தோட்டத்துத் துரைய அடிச்சதுக்குத்தானே ஜெயில்ல போட்டாங்க?”

“அது வெள்ளக்காரன் சட்டமாம். ஜப்பான்காரன் சட்டத்துல துரைய அடிச்சது குத்தமே இல்லையாம். நாளைக்கு விட்டுருவாங்கன்னு வார்டரு சொன்னாரு.”

“ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! இதுக்குத்தானே கோயில்ல மஞ்சத்துணி முடிஞ்சு வச்சே?”

இளையவள் சாக்கை விலக்கி ரோட்டைப் பார்த்தாள். கம்போங் செட்டிக் குடியிருப்புப் பக்கமிருந்து கோயில் மணி ஈரக்காற்றில் மிதந்து வந்தது.

“ரோட்ல ஆம்பளையக் கண்டா சயாம் ரயிலு வேலைக்கு லோரில ஏத்திட்டுப் போறான். போனவங்க ஒருத்தரும் திரும்பலையேக்கா.”

“அதுக்கு என்ன செய்யப் போற?”

“அரிசிய வாங்கிட்டு நேரா கோயிலுக்குப் போயி முடிச்ச அவுக்கப் போறேன். அவரு குத்தவாளியாவே இருக்கட்டும்.”